அம்பத்தூர் வட்டாரத்தில் கைக்கருவிகள்: தரமும் மாற்று உத்தரவாதமும்

சென்னையின் மேற்குப் புறநகர்களான பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இரும்பை அறுத்தும் திருகியும் பிழைக்கும் ஊர்கள். மிதிவண்டி, டாங்கி, கார் உதிரிபாகம் என இங்கு உருவான பொருள்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அவற்றை உருவாக்கிய கைகள் பிடித்திருந்த ஸ்பேனர், குறடு, திருப்புளி, அரம், சுத்தியல் ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஒரு கருவி நல்லதா என்று வாங்குபவர் எப்படி அறிந்தார், உடைந்தால் அதற்கு யார் பொறுப்பேற்றார் என்ற இரு கேள்விகளும் இவ்வட்டாரத்தின் தொழில் வரலாற்றோடு பிணைந்தவை.

தொழிற்பேட்டைக்கு முன்னும் பின்னும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்வே பணிமனை தொடங்கியது. கொல்லுப்பட்டறையில் உலைக்களத்தோடு பழகியிருந்த தொழிலாளர், அளவு குறிக்கப்பட்ட ஆங்கிலேய ஸ்பேனரையும் அரத்தையும் கையாளத் தொடங்கியது இத்தகைய பணிமனைகளில்தான். ஊர்க் கொல்லர் தம் கருவியைத் தாமே அடித்துச் செய்துகொள்வார். முனை மழுங்கினால் தாமே காய்ச்சிப் பதம் போடுவார். பணிமனைத் தொழிலாளிக்கு அது வாய்க்கவில்லை. அவருடைய கருவி கிடங்கிலிருந்து வந்தது, அதைச் செய்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. தரம் பற்றிய கேள்வி அங்கிருந்தே பிறக்கிறது.

விடுதலைக்குப் பின் இந்த ரயில் பாதையை ஒட்டி ஆலைகள் நிறைந்தன. 1949இல் தொடங்கப்பட்ட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். 1958இல் கிண்டித் தொழிற்பேட்டையும், 1964இல் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் வெளிவந்தது. பாடியில் 1960களில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பாஸ்னர்ஸ் ஆகியவை அமைந்தன. உயர்வலு போல்ட்டுகளைச் செய்யும் சுந்தரம் பாஸ்னர்ஸ் இந்த வரலாற்றில் தனியாகக் குறிப்பிடத் தக்கது. போல்ட் வலுவானால் அதைத் திருகும் ஸ்பேனரும் வலுவாக வேண்டும். மெல்லிய இரும்பில் செய்த மிதிவண்டி ஸ்பேனரைக் கொண்டு உயர்வலு போல்ட்டை இறுக்கினால் ஸ்பேனரின் வாய்தான் விரியும்.

பெரிய ஆலைகளில் கருவி நிறுவனத்தின் சொத்து. தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை டோக்கனைக் கருவி அறையில் கொடுத்து ஸ்பேனரை வாங்குவார். திருப்பிக் கொடுக்கும்போது டோக்கன் கைக்கு வரும். உடைந்தால் கணக்கு எழுதப்படும். தொழிற்பேட்டையின் சிறு பட்டறையில் முதலாளியே கடைக்குப் போய் வாங்கினார். பூந்தமல்லி நெடுஞ்சாலையோர மெக்கானிக்கோ தன் கைக்காசில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒரே ஸ்பேனர் உடைவது இம்மூவருக்கும் ஒரே நட்டம் ஆகாது. மெக்கானிக்குக்கு அது அன்றைய வேலை. சில சமயம் அன்றைய கூலியும்.

அங்குலமும் மில்லிமீட்டரும்

இவ்வட்டாரத்தின் கருவிப் பெட்டிகள் நெடுங்காலம் இரட்டைப் பெட்டிகளாக இருந்ததற்கு அளவு மாற்றமே காரணம். பிரிட்டிஷ் வழிவந்த மிதிவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் அங்குல மரைகளைக் கொண்டிருந்தன. ரயில் பெட்டித் தொழிற்சாலை சுவிஸ் நாட்டு வடிவமைப்பை ஏற்றது. விஜயந்தா பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு. 1980களில் அதே ஆவடியில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட டி-72 சோவியத் வடிவமைப்பு, முழுக்க மெட்ரிக். இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனால் சட்டம் மாறிய நாளில் பழைய போல்ட்டுகள் மறைந்துவிடவில்லை.

இதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அரை அங்குலத் தலையுள்ள போல்ட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காரும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் தளர்வோடு. இறுகிய போல்ட்டைத் திருகும்போது அத்தளர்வு அறுகோணத் தலையின் முனைகளை மழுக்கிவிடும். அதற்குமேல் எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது. பழைய விட்வொர்த் ஸ்பேனர்களில் குழப்பம் இன்னும் கூடுதல். அவற்றில் பொறித்திருக்கும் எண் ஸ்பேனர் வாயின் அகலத்தைக் குறிக்காது. போல்ட் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். 'கருவி சரியில்லை' என்று கடைக்குத் திரும்பிய ஸ்பேனர்களில் ஒரு பகுதியேனும் அளவு பொருந்தாத போல்ட்டில் போட்டுக் கெடுத்தவையாகவே இருந்திருக்க வேண்டும்.

கருவி வந்த வழி

வண்டி உதிரிபாகங்களைச் செய்து நாடெங்கும் அனுப்பிய இவ்வட்டாரம் தனக்கு வேண்டிய ஸ்பேனரைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்கியது. இந்தியக் கைக்கருவித் தொழிலின் மையம் பஞ்சாப். ஜலந்தரும் லூதியானாவும் அதன் பெரும் ஊர்கள். ஜலந்தரில் 1983இல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு மத்தியக் கைக்கருவி நிறுவனம் அமைக்கப்பட்டது. ராஜஸ்தானின் நாகௌரும் சிறு கருவிகளுக்குப் பெயர் பெற்றது. 1969இல் சுவீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டோடு தொடங்கிய தபாரியா நாசிக்கில் ஆலை அமைத்தது. அரம் என்றால் ஜே.கே. என்ற நிலையும் உருவானது.

இவை சென்னைக்கு வந்து இறங்கிய இடம் பாரிமுனை. பிராட்வே, லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு ஆகியவற்றின் மொத்தக் கடைகளிலிருந்து அம்பத்தூர், ஆவடிக் கடைகளுக்குச் சரக்கு போனது. பழைய கருவி தேடுவோர் 1985இல் தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். வண்டிச் சாமான் தேடுவோருக்குப் புதுப்பேட்டை இருந்தது. செய்தவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டரும் குறைந்தது இரண்டு வணிகர்களும் இருந்ததால், உடைந்த கருவிக்கான பொறுப்பு வழியிலேயே தேய்ந்து போவது எளிதாயிற்று.

கையால் அறியும் தரம்

ஸ்பேனர் உடைவது பணச் செலவு மட்டும் அன்று. முழு வலுவோடு இழுக்கும்போது வாய் விரிந்து நழுவினால் விரல் முட்டிகள் இன்ஜினில் மோதும். அளவுக்கு மீறிக் கடினமாக்கிய உளியின் தலையிலிருந்து சில்லு தெறித்தால் கண் போகும். அடிபட்டு அடிபட்டுக் காளான் போல் விரிந்த உளித் தலையும் அதே ஆபத்துக்கு உரியது. அதை அவ்வப்போது சாணையில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். தரம் பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் ஆழ வேரூன்றியதற்கு இந்த அச்சமே முதற்காரணம்.

அடிப்படை வேறுபாடு வார்ப்புக்கும் அடித்துருவாக்கலுக்கும் இடையிலானது. நல்ல ஸ்பேனர் சூடான எஃகை அச்சில் வைத்து அடித்து உருவாக்கப்படுவது. பெரும்பாலும் குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகு அது. பிறகு சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமாகக் காய்ச்சிப் பதப்படுத்துவார்கள். வார்ப்பு இரும்பில் செய்த மலிவுக் கருவி வடிவத்தில் அதைப் போலவே இருக்கும். மேலே முலாம் பூசிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் உடைந்த இடத்தைப் பார்த்தால் புரியும்: வார்ப்பு, சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் பருமணலாகத் தெரியும்; பதமான எஃகு வளைந்து கிழிந்த பிறகே உடையும். உடைவதற்கு முன் அறிய வேண்டுமானால் தட்டிப் பார்க்க வேண்டும். அடித்துருவாக்கிய ஸ்பேனரைச் சிமெண்டுத் தரையில் மெதுவாகப் போட்டால் மணி போன்ற ஓசை எழும். வார்ப்பு மந்தமாக ஒலிக்கும். முடிந்த முடிவான சோதனையாக இதைக் கொள்ள முடியாது என்றாலும், கடையில் நின்றபடி செய்யக்கூடியது இதுவே.

அடுத்தது அரம். தேய்ந்த அரத்தின் முனையால் கருவியின் மறைவான ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அரம் வெண்ணெயில் போவதுபோல் கடித்தால் கருவி மென்மையானது. வழுக்கிக்கொண்டு போனால் கடினமானது. ராக்வெல் சி அளவில் ஸ்பேனர் 40ஐ ஒட்டியும் அரம் 60க்கு மேலும் இருப்பதால் ஸ்பேனரை அரம் சற்றே கடிப்பது இயல்பு. எவ்வளவு கடிக்கிறது என்பதைக் கை சொல்லும். குறட்டில் இதையே வெட்டும் விளிம்பில் பார்க்க வேண்டும். கட்டிங் பிளையரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்புகளுக்கு இடையே ஒளி தெரியக்கூடாது. கீலில் ஆட்டம் இருக்கக்கூடாது, அதே நேரம் தன் கனத்தால் மெல்லத் திறந்துகொள்ள வேண்டும். எளிய வெட்டுச் சோதனையாக ஒரு துண்டுக் காகிதமே போதும்.

வெர்னியர் உள்ளவர் ஸ்பேனரின் வாயை அளப்பார். 17 என்று பொறித்த ஸ்பேனர் துல்லியமாக 17 மில்லிமீட்டர் இருந்தால் போல்ட்டில் ஏறாது. கடுகளவு பெரிதாக இருக்க வேண்டும். அந்தக் கடுகளவு எவ்வளவு என்பதைத் தரநிலைகள் மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குகளாக வரையறுக்கின்றன. அதற்கு மேல் போனால் அது வேறு ஸ்பேனர். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பயிற்சி அரம் பிடிப்பதிலும் அளப்பதிலும் தொடங்குவதால், அம்பத்தூர் வட்டாரத்தில் இந்த அளவுக் கண் உள்ளவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

மின்பணியாளர் கருவியில் மட்டும் கண்ணையும் கையையும் நம்பக்கூடாது. குறட்டின் கைப்பிடியில் மாட்டிய பிளாஸ்டிக் உறை பிடிமானத்துக்கானதாக மட்டும் இருக்கலாம். 1000 வோல்ட் வரை மின்னோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தச் சோதிக்கப்பட்ட கருவிக்கு ஐஇசி 60900 என்ற பன்னாட்டுத் தரநிலை உண்டு. அதற்குரிய குறியீடு கருவியிலேயே இருக்கும். இரண்டு உறைகளும் பார்வைக்குச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒன்றுபோலவே இருக்கும்.

முத்திரை

இந்தியத் தரநிலை நிறுவனம் 1947இல் தோன்றியது. 1952ஆம் ஆண்டுச் சான்று முத்திரைச் சட்டம் ஐஎஸ்ஐ முத்திரைக்கு வழிவகுத்தது. 1987இல் அதன் இடத்தில் இந்தியத் தர அமைவனம் வந்தது. இரு வாய் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2029, கட்டிங் பிளையருக்கு ஐஎஸ் 3650, திருப்புளிக்கு ஐஎஸ் 844, பைப் ரெஞ்சுக்கு ஐஎஸ் 4003 எனத் தனித்தனித் தரநிலைகள் உள்ளன. எஃகின் தன்மை, கடினம், வாயின் அளவு, தாங்க வேண்டிய திருகுவிசை ஆகியவை அவற்றில் வரும். ஒரு தரநிலையின் எண்ணை உறையில் அச்சிடுவதும், உரிம எண்ணோடு முத்திரையைப் பெற்றிருப்பதும் வெவ்வேறு. முன்னதைச் செய்தவர் தாமே தம்மைப் பற்றிச் சொல்கிறார். பின்னதை வெளியார் சோதித்திருக்கிறார். கடை மேசையில் இந்த வேறுபாடு அடிக்கடி மங்கிவிடுகிறது.

உடைந்தால் மாற்றித் தரப்படும்

கைக்கருவிக்கு வாழ்நாள் உத்தரவாதம் என்ற எண்ணத்தை உலகறியச் செய்தது அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம். 1927இல் அது தொடங்கிய கிராஃப்ட்ஸ்மேன் வரிசையில், உடைந்த ஸ்பேனரைக் கொண்டுபோனால் ரசீது கேட்காமலே புதியது தருவது வழக்கமாயிற்று. இது தருமமன்று, கணக்கு. நன்கு செய்த ஸ்பேனர் அரிதாகவே உடையும். மாற்ற வருபவர் கடையில் வேறு எதையேனும் வாங்கிச் செல்வார். தரம் குறைந்த பொருளுக்கு அதே வாக்குறுதியைக் கொடுத்தால் கடை திவாலாகும். ஆகவே வாக்குறுதியே தரத்தின் சான்றாகவும் இருந்தது. 2017இல் அந்தப் பெயர் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டு சியர்ஸ் திவால் மனு தாக்கல் செய்தது.

இந்தியாவில் அந்த வழக்கம் அப்படியே வரவில்லை. இங்கு நல்ல நிறுவனங்கள் கொடுத்தது பொதுவாக உற்பத்திக் குறைபாட்டுக்கான உத்தரவாதம். ஸ்பேனரின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பியது, சுத்தியலால் அடித்தது, சாணையில் தேய்த்து மெலிதாக்கியது, துரு, இயல்பான தேய்மானம் ஆகியவை அதில் சேரா. அரமும் ஹாக்ஸா பிளேடும் தேய்வதற்கென்றே பிறந்தவை என்பதால் அவற்றுக்கு உத்தரவாதம் கேட்பாரும் இல்லை. குழாய் செருகுவது எல்லாப் பட்டறைகளிலும் நடப்பதுதான். எனவே உடைந்த ஒவ்வொரு ஸ்பேனரும் 'உங்கள் குறையா, எங்கள் குறையா' என்ற வழக்கோடுதான் கடைக்குப் போகிறது. பெரும்பாலும் அதைத் தீர்த்து வைப்பது கடைக்காரரின் நினைவு: இவர் பழைய வாடிக்கையாளர், மாதம் இவ்வளவுக்கு வாங்குகிறார், மாற்றிக் கொடு. அச்சிட்ட உத்தரவாதத்தைவிட இந்தக் கணக்கே அதிக ஸ்பேனர்களை மாற்றித் தந்திருக்கும்.

2001 ஏப்ரல் 1 முதல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியபின் பெட்டி பெட்டியாக மலிவுச் சாக்கெட் செட்டுகள் வந்தன. நாற்பது உருப்படிகள் கொண்ட பளபளப்பான பெட்டி ஒன்று, பெயர் பெற்ற நிறுவனத்தின் சில ரிங் ஸ்பேனர்கள் விலைக்கே கிடைத்தது. அந்தப் பெட்டியை எல்லோரும் பழிப்பதுண்டு. அது முழுக்க நியாயமில்லை. ஆண்டுக்கு இருமுறை வீட்டில் பயன்படுத்துபவருக்கு அதுவே போதும். நாள்தோறும் வீல் நட் கழற்றுபவர் அதை வாங்கினால்தான் ஏமாற்றம். அதைவிடப் பெரிய சிக்கல் போலி: அறியப்பட்ட பெயரின் ஓரெழுத்தை மாற்றியோ மாற்றாமலோ பொறித்த கருவிகள். அவற்றுக்கான உத்தரவாதம் உண்மை நிறுவனத்தின் வாசலில் செல்லாது.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைத் தண்ணீரில் மூழ்கடித்தன. இயந்திரங்களின் இழப்பு செய்தியானது. சேற்றுநீரில் கிடந்து துருவேறிய கைக்கருவிகள் யாருடைய உத்தரவாதத்திலும் அடங்கவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தவை மீண்டன.

மெக்கானிக் நுகர்வோரா?

சட்டம் இவ்விஷயத்தில் நீண்ட சுற்றுப்பாதையில் வந்தது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, சொன்ன நோக்கத்துக்குப் பொருள் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற உட்கிடை நிபந்தனையை ஏற்கிறது. ஆனால் குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கினால் அந்நிபந்தனை பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கும் பாதுகாப்பு இல்லை. பெயர் சொல்லிக் கேட்டு, தட்டிப் பார்த்து வாங்கும் பட்டறைக்காரரின் இரு நல்ல பழக்கங்களும் இச்சட்டத்தின்படி அவருக்கே எதிராகத் திரும்பின.

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எளிய வழி ஒன்றைத் திறந்தது. ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை அது நுகர்வோர் வரையறையிலிருந்து விலக்கியது. அப்படியானால் ஸ்பேனரால் சம்பாதிக்கும் மெக்கானிக் யார்? சுயதொழில் வழியாக வாழ்வாதாரம் ஈட்டுவதற்கென்றே வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்ற விளக்கம் 1993இல் சேர்க்கப்பட்டது. அதன் எல்லையை வரைந்த தீர்ப்பு 1995இல் வந்தது. அவ்வழக்கில் எதிர்த்தரப்பு கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம். அதனிடமிருந்து கடைசல் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், இயந்திரம் குறைபாடுடையது என்று மகாராஷ்டிர மாநில ஆணையத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாங்கிய நிறுவனம் தோற்றது. அது வணிக நோக்கத்துக்காக வாங்கியது என்று நீதிமன்றம் கொண்டது. ஆனால் அதே தீர்ப்பு, தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும், தானே இயக்க லேத் வாங்குபவரும் நுகர்வோரே என்றது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்நிலை போய்விடாது என்றும் கூறியது. ஒரு கையாளை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பூந்தமல்லி மெக்கானிக் இந்தக் கோட்டுக்கு உள்ளே வருகிறார். முப்பது பேர் வேலை பார்க்கும் தொழிற்பேட்டை அலகு வெளியே நிற்கிறது. அதற்கு உரிமையியல் நீதிமன்றமே வழி.

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விளக்கத்தைத் தக்கவைத்தது. தக்க சோதனையின் அடிப்படையில்லாமல் பொருளின் ஆயுளுக்கு உத்தரவாதம் தருவது நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. வாழ்நாள் உத்தரவாதம் என்று பெட்டியில் அச்சிடுவோர் கவனிக்க வேண்டிய வரி அது. ரசீது தர மறுப்பதும் அவ்வாறே. குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்பட்டியலில் உண்டு. 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சிட்ட வரி குறைபாடுள்ள ஸ்பேனருக்குப் பொருந்தாது.

புகார் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வாங்கிய கடை பாரிமுனையில் இருந்தாலும் மனுதாரர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது அம்பத்தூர் அதனுள் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடிக்கின்றன. எந்த ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது ரசீது. சில நூறு ரூபாய் ஸ்பேனருக்கு அதைக் கேட்டு வாங்கி, எண்ணெய்க் கறை படாமல் வைத்திருக்கும் வழக்கம்தான் பட்டறைகளில் இன்னும் குறைவு.